நட்பும் குரலும்

நட்பாவது இருவர் மனம் ஒன்றுபட்டு, ஒருவரது இன்பதுன்பங்களை மற்றவர் தமதாகக் கொள்ளுதல். அது உண்டாதற்குப் பழக்கம் காரணமாதல் போல, நிலைபெறுதற்கும் பழக்கமே காரணம். அப்பழக்கம் இக்காலத்திற் பெரும்பாலும் குறுஞ்செய்தியளவில் நின்றுவிடுதலால், அது போதுமோவென்று சிறிது ஆராய்வாம்.

1992ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 3ஆம் திகதி இங்கிலாந்திலே முதற் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. அதனாற் பெற்ற நன்மை பெரிது. எம்மவர் பலர் 1983க்குப் பின் தேசாந்தரங்களிற் பரந்து வாழ்கின்றனர். யாழ்ப்பாணத்திற்கும் ரொறன்ரோ நகரத்திற்கும் கோடையில் ஒன்பதரை மணி, மாரியிற் பத்தரை மணி நேர வேறுபாடு உண்டு. ஒருவர் உறங்கும்பொழுது மற்றவர் எழுதிவைத்தலும், விழித்தபின் அவர் படித்தலும் இதனால் எளிதாயின. ஆதலின் யாம் அதனை இகழேம்.

ஆயினும், நாடோறுஞ் செய்தி விடுப்போர் நட்பின் கடனை முற்றச் செய்தவராவரோ? ஆகார் என்பதே எமது துணிபு. என்னை? எழுத்துச் செய்தியைத் தரும். குரல் ஆளையே தரும். மனைவியை அண்மையில் இழந்த நண்பர் "நலமாயிருக்கிறேன்" என்று எழுதுவாராயின், அவ்வெழுத்து உண்மையில் நலமுடையார் எழுதியதினின்றும் வேறுபடாது. அதனையே வாயாற் சொல்லுமிடத்து, சொல்லுக்கு முன்னுண்டாகுந் தயக்கமும், இடையிலே தடைப்படும் மூச்சும் அவர் மறைத்ததனை உணர்த்திவிடும். அன்றியும், ஒரே கணத்திற் பதின்மருக்குச் செய்தி விடுக்கலாம். செவியையோ ஒரு காலத்தில் ஒருவருக்கே கொடுக்கலாம். நண்பர் எம்மிடம் வேண்டுவது அச்செவியே.

1990க்குப் பின் யாழ்ப்பாணத்திலே தொலைபேசி இல்லாதிருந்த வருடங்களில், பிறநாட்டிலுள்ள பிள்ளைகளின் குரலைக் கேட்டற்பொருட்டுக் கொழும்புக்குப் பிரயாணஞ் செய்து, நிமிடக் கணக்கிற் பணங்கொடுத்துப் பேசினோர் பலர். கடிதமே அமையுமாயின் அவர் இத்துணைப் பாடு படுவரோ?

பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் காணாமலே நண்பராயினரன்றோவெனின், சோழன் வடக்கிருந்தபொழுது ஆந்தையார் பாண்டிநாட்டினின்றும் நேரே வந்தமையை மறத்தலாகாது. அவர் ஓலை விடுத்து அமைந்திலர்.

இனி, அழைத்தல் நண்பருக்கு இடையூறாமென்று அஞ்சுவாரும் உளர். திருவள்ளுவர் பழைமை என ஓரதிகாரம் வகுத்து, நெடுநாள் நண்பர் உரிமையாற் செய்வனவற்றைப் பொறுத்து மகிழ்தலே நட்பென விளக்கினர். இவ்வச்சம் பெரும்பாலும் வெறும் ஐயமேயென்பதற்கு வேறு சான்றும் உண்டு. அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்னும் அறிஞர் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியிலே, பழைய நண்பரோடு பேசுதல் மின்னஞ்சல் எழுதுதலினுஞ் சங்கடந்தருமென்று எண்ணினோர், பேசியபின் சங்கடம் மிகாமையையும் நெருக்கம் மிக்கமையையும் கண்டனர்.

ஆகவே, நேரங் குறித்தல், முகவரி கேட்டல் முதலியவற்றிற்கு எழுத்துப் போதும். துக்கம், நோய், மனத்தாங்கல், பெருமகிழ்ச்சி என்பவற்றிற்குக் குரலே வேண்டும். மாணாக்கருக்கு நட்பதிகாரம் படிப்பிக்கும் உபாத்தியாயர்கள், ஆசிரிய கலாசாலையிலே தம்மோடு பயின்று இப்பொழுது ஓய்வுபெற்றுத் தனித்திருப்பவருள் ஒருவரையேனும் இவ்வாரத்தில் அழைத்துப் பேசுவாராக. அப்பாடம் அவர் வாயினின்றும் வரும்பொழுது பொருளுடையதாகும்.