அயலாரிடம் அவிழும் முடிச்சு

வீட்டுத் துயரம் வாசற்படியைத் தாண்டலாகாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். கடன் பட்டாலும், பிள்ளை வழி தவறினாலும், குடும்பத்தில் ஒருவருக்குச் சித்தம் கலங்கினாலும் திரைச்சீலையை இழுத்துவிட்டு, வெளுத்த சட்டையோடு தெருவில் இறங்குவதே மானமுள்ளோர் இயல்பு எனக் கற்றோம். அந்தக் கல்வியில் பழுதேதும் இல்லை என்றே நானும் நெடுங்காலம் நம்பியிருந்தேன். என் வாப்பாவை மறதி நோய் பற்றிய பிறகுதான் அந்த நம்பிக்கையை உரசிப் பார்க்க நேர்ந்தது.

வாப்பா தோல் மண்டி ஒன்றில் கணக்கு எழுதியவர். நாற்பது ஆண்டுக் கணக்கை நாவில் வைத்திருந்தவர், உண்டோமா இல்லையா என்பதையே மறந்துபோனார். நள்ளிரவில் எழுந்து மண்டியின் திறவுகோலைக் கேட்பார். நான் அவர் மகன் என்பது சில நாட்களில் நினைவிருக்கும். பல நாட்களில் நான் கூலி கேட்டு வந்திருக்கும் யாரோ ஓர் ஆள். 6 ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. சுற்றத்தார் என்னைப் புகழ்ந்தனர். இப்படிப்பட்ட பிள்ளை யாருக்கு வாய்க்கும் என்றனர். அந்தப் புகழ்ச்சி எனக்குப் பூட்டாக அமைந்தது. ஏனெனில், ஒருநாள் சுபுஹுக்கு முன், மூன்றாம் முறையாக அவருடைய துணிகளை மாற்றிக்கொண்டிருந்தபோது, இது இன்றோடு முடிந்துவிட்டால் என்ன என்று என் நெஞ்சு கேட்டுவிட்டது.

அதை யாரிடம் சொல்வது? என்னினும் களைத்திருந்தவள் என் மனைவி. வளைகுடாவில் இருக்கும் தம்பியிடம் சொன்னால், அனுப்பும் பணம் போதவில்லை என்று குறிப்பால் உணர்த்துவதாகக் கொள்வான். ஹஸ்ரத்திடம் சென்றால் பொறுமையின் மாண்பை எடுத்துரைப்பார். அந்த மாண்பு எனக்குத் தெரியாததன்று. ஆகவே எவரிடமும் சொல்லவில்லை.

வாப்பாவைப் பார்த்து வந்த மருத்துவர், மாதத்தின் முதல் சனிக்கிழமையன்று மருத்துவமனையின் மாடியில் இத்தகைய குடும்பத்தார் கூடுகின்றனர், சென்று வாருங்கள் என்றார். நோயாளி நானல்லவே என்று விடையிறுத்தேன். போவதற்கு 4 மாதங்கள் ஆயின. சென்றபோது அங்கே ஒன்பது பேர் இருந்தனர். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம் கணவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "சில இரவுகளில், விடியும்போது இவர் இல்லாமலிருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைக்கிறேன். நினைத்துவிட்டு எழுந்து போய் அவருக்குக் கஞ்சி காய்ச்சுகிறேன்" என்றார், குரலைத் தாழ்த்தாமலே. எவரும் திடுக்கிடவில்லை. பக்கத்திலிருந்தவர், கஞ்சியை அவர் புரையேறாமல் விழுங்குகிறாரா, எவ்வளவு கெட்டியாகக் காய்ச்சுகிறீர்கள் என்று கேட்டார். உரையாடல் கஞ்சியின் பதத்தைப் பற்றித் தொடர்ந்தது. எனக்கோ, மாதக்கணக்காக மார்பின் மேல் இருந்த கல்லை யாரோ எடுத்து ஓரமாக வைத்துவிட்டாற்போல் இருந்தது.

இரத்த உறவினரால் இயலாத ஒன்று, பெயர்கூடத் தெரியாத ஒருவரின் வாக்கியத்தால் எவ்வாறு இயன்றது? அவ்வாறு இயன்றது முறைதானா? அன்றிலிருந்து இவ்விரண்டு வினாக்களும் என்னை விட்டு அகலவில்லை.

இத்தகைய கூட்டங்களின் வரலாறு விந்தையானது. 1905 இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்னும் மருத்துவர், காசநோய் கண்ட ஏழைகளை வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கூட்டினார். அந்நாளில் காசநோய்க்கு மருந்து இல்லை. ஓய்வும் தூய காற்றும் உணவுமே சிகிச்சை. மலைப்புறத்துச் சுகவாசத் தலங்களுக்குச் செல்லப் பொருளற்றவர்களுக்கு அதே ஒழுங்கை வீட்டிலேயே கற்றுக்கொடுப்பது அவர் நோக்கம். ஒவ்வொருவராக அழைத்துக் கற்பிக்க நேரமில்லை என்பதால் வகுப்பாக்கினார். அவ்வளவுதான். ஆனால், உடல் எடையையும் காய்ச்சல் அளவையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்தவர்கள், ஒருவர் எடை கூடியதைக் கண்டு மற்றவர் மகிழ்வதையும், வெவ்வேறு இனத்தவரும் சமயத்தவரும் நோய் என்னும் ஒரே கயிற்றால் பிணைக்கப்பட்டு நண்பர்களாவதையும் அவர் கண்டார். சிக்கனத்துக்காகத் தொடங்கிய ஏற்பாடு தானாகவே ஒரு மருந்தாயிற்று. குழுச் சிகிச்சையின் முன்னோடியாக அறிஞர்கள் சுட்டுவது இவ்வகுப்பையே.

மற்றொரு நிகழ்ச்சி இதனினும் ஆழமானது. 1935 மே மாதம், நியூயார்க்கைச் சேர்ந்த பில் வில்சன் என்பவர் வணிக அலுவலாக ஆக்ரன் நகருக்குச் சென்றார். குடியை விட்டு அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன. சென்ற காரியம் தோற்றது. விடுதியின் முன்கூடத்தில் தனியே நின்றவருக்கு மதுக்கூடத்தின் ஆரவாரம் கேட்டது. உள்ளே போய்விடுவோம் என்று அஞ்சி, தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் ஒவ்வொருவராக அழைத்தார். அவர் தேடியது தமக்கு அறிவுரை கூறும் ஒருவரையன்று. தம்மைப்போல் குடியால் சீரழியும் மற்றொருவரை. அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர். கால் மணி நேரம் போதும் என்று வந்த அவர், பல மணி நேரம் அமர்ந்துவிட்டார். பாப் ஸ்மித் இறுதியாகக் குடித்த 1935 ஜூன் 10 ஆம் நாளையே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் இயக்கம் தன் பிறந்தநாளாகக் கொள்கிறது.

இந்நிகழ்ச்சியில் கொடுத்தவர் யார், பெற்றவர் யார்? பில் சென்றது தம்மைக் காத்துக்கொள்ள. பாப் மீண்டது, தம்மைத் திருத்த வந்தவரிடம் மேலிருந்து பேசும் தோரணை இல்லாததால். நாம் அறிந்த ஈகையில் கொடுக்கும் கை மேலே, வாங்கும் கை கீழே. இங்கோ இரு கைகளும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. உறவினரால் இயலாதது இங்கே இயன்றதற்குக் காரணம் இதுவென்றே எண்ணுகிறேன். என் உறவினர் என்னைப் புகழ்ந்தனர், இரங்கினர், அறிவுறுத்தினர். மூன்றும் மேலிருந்தோ வெளியிலிருந்தோ வருவன. ஆசிரியை என்னிடம் எதுவுமே சொல்லவில்லை. தம்மைச் சொன்னார்.

இனி, முறைதானா என்ற வினாவுக்கு வருவோம். இறைவன் மறைத்துவைத்த தன் பிழையை மனிதன் தானே பறைசாற்றுவதை நம் மார்க்கம் வெறுக்கிறது. அவ்வாறாயின், அயலார் அவையில் நெஞ்சைத் திறப்பது எவ்வாறு தகும் என்று ஒரு நண்பர் என்னைக் கடிந்துகொண்டார். எளிதில் தள்ளத்தக்க ஆட்சேபம் அன்று அது. ஆனால் வெறுக்கப்படுவது பெருமையடித்தலும் துணிந்து பறைசாற்றலும் அன்றோ? பதின்மூன்றாம் நூற்றாண்டினரான இமாம் நவவி, தவற்றினின்று மீளும் வழியை அறியும் பொருட்டு ஆசானிடமோ அவரை ஒத்த ஒருவரிடமோ அதனைக் கூறுவதில் குற்றமில்லை, நன்மையே உண்டு என்று விளக்கியுள்ளார். அதே துன்பத்தில் எனக்கு முன் நடந்து சென்றவர் எனக்கு ஆசானை ஒத்தவரே என்பது என் துணிபு. மார்க்கத் தீர்ப்பு வழங்கும் தகுதி எனக்கில்லை. ஆலிம்கள் வேறு கூறின் கேட்டுக்கொள்வேன். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: அவையில் பேசப்பட்டது அமானிதம் என்ற பழைய நெறியை மதியாத கூட்டத்தில் எவரும் வாய் திறக்கலாகாது.

நண்பர் எழுப்பாத மற்றோர் ஐயம் என்னையே குத்தியது. ஆசிரியையின் துயரைக் கேட்டு என் நெஞ்சு இலேசானதே, அது பிறர் துன்பத்தில் குளிர்காய்வது ஆகாதா? நெடுநாள் எண்ணிப் பார்த்தேன். பிறர் வீழ்ச்சியில் மகிழ்பவன் தன்னை அவரினின்றும் பிரித்துக்கொள்கிறான். நல்லவேளை, நான் அவனல்லன் என்பது அவன் மகிழ்ச்சி. எனக்குக் கிடைத்ததோ, நானும் அவரே என்ற அறிவு. துன்பப்படுவோர்க்கு ஓர் இரகசியச் செருக்கு உண்டு. என் துயரம் உலகில் ஒப்பற்றது, ஒருவருக்கும் விளங்காதது என்ற செருக்கு. அது உடைவது முதலில் அவமானமாகவும் பிறகு விடுதலையாகவும் இருக்கிறது. அமெரிக்க உளமருத்துவர் இர்வின் யாலோம் 1970 இல் வெளியிட்ட குழுச் சிகிச்சை நூலில், நலம் தரும் காரணிகளுள் ஒன்றாக இப்பொதுமை உணர்வையே குறிப்பிடுகிறார்.

பயன் உண்டா என்று கேட்போருக்கு மிகைப்படுத்தாமல் விடை கூறுதல் வேண்டும். 1989 இல் டேவிட் ஸ்பீகல் குழுவினர், முற்றிய மார்பகப் புற்றுநோய் கொண்ட 86 பெண்களிடம் செய்த ஆய்வு உலகையே வியப்பில் ஆழ்த்தியது. வாரந்தோறும் குழுவில் கூடியவர்கள் சராசரியாக 36.6 மாதங்களும், கூடாதவர்கள் 18.9 மாதங்களும் வாழ்ந்தனர் என்றது அது. பேச்சு ஆயுளை நீட்டிவிடும் என்று பலர் முழங்கினர். 2001 இல் கனடாவில் 235 பெண்களிடம் நிகழ்ந்த ஆய்வு அதனை மறுத்தது, ஆயுள் நீளவில்லை. 2007 இல் ஸ்பீகல் தாமே 125 பெண்களிடம் மீண்டும் சோதித்தார். மொத்தத்தில் ஆயுள் நீளக் காணோம் என்று தாமே எழுதினார். தம் புகழுக்கு அடித்தளமான முடிவைத் தம் கையாலேயே திருத்திய அந்த நேர்மைக்குத் தலைவணங்கலாம். கனடா ஆய்வில் மற்றொன்றும் வெளிப்பட்டது. குழுவில் இருந்தோரின் மனவேதனை தணிந்தது. உடல் வலியையும் அவர்கள் குறைவாகவே உணர்ந்தனர். மிகுந்த வேதனையோடு வந்தவர்களே மிகுந்த பயன் பெற்றனர். ஆயுள் அதே அளவு, அதனுள் வேதனை குறைவு. அதை அற்பம் என்பவர் வலியை அறியாதவர். குடி நோயைப் பொறுத்தவரை சான்று இன்னும் வலுவானது. 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் உள்ளடக்கி 2020 இல் வெளிவந்த காக்ரேன் திறனாய்வு, தொடர்ந்து குடிக்காமலிருக்கச் செய்வதில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கமும் அதன் வழியில் ஆற்றுப்படுத்தும் சிகிச்சையும் பிற சிகிச்சைகளுக்கு இணையாகவோ மேலாகவோ விளங்குவதைக் காட்டியது. அங்கே கட்டணம் கிடையாது என்பதையும் நினைவிற் கொள்க. குடிப்போரின் குடும்பத்தாருக்கென அல்-அனான் என்னும் தனி அமைப்பு 1951 முதல் உள்ளது. நம் பெண்கள் பலருக்கு அது தெரியவே தெரியாது.

எல்லாக் குழுவும் நன்று என்பதும் இல்லை. அமெரிக்காவில் 1960களில் பெருகிய உணர்ச்சிக் கூட்டங்களை லீபர்மன், யாலோம், மைல்ஸ் ஆகிய மூவரும் ஆராய்ந்து 1973 இல் நூலாக்கினர். சேர்ந்தவருள் சிலர் உள்ளம் உடைந்தே வெளியேறினர் என்பதும், கவர்ச்சியும் ஆவேசமும் மிக்க தலைவர்களின் குழுக்களிலேயே அத்தகைய கேடு மிகுந்தது என்பதும் அதில் தெளிவாயின. அழவைப்பதே சிகிச்சை என்று கருதுவோரை அஞ்சுக. மருந்தை நிறுத்தச் சொல்வோரிடமும், பணம் கேட்போரிடமும், ஒருவரே பேசி மற்றவரெல்லாம் தலையாட்டும் கூட்டத்திலும் நில்லாதீர். பயிற்சி பெற்ற மருத்துவர் ஏழெட்டுப் பேரை வைத்து நடத்தும் சிகிச்சை வேறு; துன்புற்றோர் தாமே கூடும் ஆதரவுக் குழு வேறு. தற்கொலை எண்ணமோ கடும் மனநோயோ உள்ளவர்க்கு முதலில் தேவை மருத்துவரே. குழு அதற்கு மாற்றாகாது.

எங்கே தேடுவது என்பதற்கு நீண்ட விடை வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் வாய்விட்டுக் கேட்க வேண்டும். இந்திய அரசு 2022 அக்டோபர் 10 ஆம் நாள் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துக் கேட்கலாம். மறதி நோய்க்கென 1992 இல் கேரளத்தில் தோன்றிய சங்கம் பிற மாநிலங்களுக்கும் பரவியுள்ளது. ஒரு குழு ஒத்துவராவிடில் இன்னொன்றை நாடலாம். முதல் நாளே பேச வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நான் மூன்று மாதங்கள் வாய் திறவாமல் அமர்ந்திருந்தேன். நான்காம் மாதம், அந்தச் சுபுஹு நேரத்தைச் சொன்னேன். ஆசிரியை தலையசைத்தார். வேறொருவர் தேநீர் வேண்டுமா என்று கேட்டார்.

வாப்பா மறைந்து 2 ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு இனி அங்கே என்ன வேலை என்று வீட்டில் கேட்கின்றனர். ஆயினும் முதல் சனிக்கிழமைகளில் செல்கிறேன். சென்ற மாதம் ஓர் இளைஞர் வாயிலருகே, செருப்பைக் கழற்றாமலே நின்றார். அவருடைய உம்மா இரவில் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிவிடுகிறாராம். பூட்டிவைப்பதற்கோ மனம் ஒப்பவில்லையாம். நாங்கள் தாழ்ப்பாளைக் கழற்றிக் கதவின் அடிப்பக்கத்தில் பொருத்தினோம், வாப்பா அங்கே குனிந்து பார்த்ததே இல்லை என்று சொன்னேன். தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் என்று கேட்டபடி அவர் உள்ளே வந்து அமர்ந்தார்.