ஆட்டமும் அறமும்

கொடை என்பது கொடுப்பவனுக்குச் சிறிதேனும் வலிக்க வேண்டுமா? மகிழ்ந்துகொண்டே கொடுத்தது கொடையாகுமா? நம் ஊர்களில் கோயில் திருப்பணிக்கும் தமிழ்ப்பள்ளிக் கட்டட நிதிக்கும் நாடகம் நடத்தியும் கலையிரவு நடத்தியும் பொருள் திரட்டுவது நெடுநாளைய வழக்கம். நுழைவுச்சீட்டு வாங்கியவர் இரண்டு மணி நேரம் சிரித்து மகிழ்ந்து வீடு திரும்புகிறார். அவர் தந்தது நன்கொடையா, கண்ட காட்சிக்குரிய விலையா என்று எவரும் கேட்பதில்லை. ஆனால், விடியும்வரை இளைஞர்கள் கூடி ஆடும் கூடம் ஒன்றில், நெஞ்செலும்பை அதிர வைக்கும் ஒலிபெருக்கிகளின் நடுவே, நோயாளருக்காகப் பொருள் திரட்டினார்கள் என்றால் பெரியோர் பலர் முகம் சுளிப்பர். அச்சுளிப்பிலும் பொருளுண்டு. எனினும், தீர்ப்புக் கூறுமுன் உண்மையில் நடந்த ஒன்றை எடுத்து ஆராய்ந்து பார்ப்பது நன்று.

1981 ஆம் ஆண்டு ஜூன் 5 ஆம் நாள் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார ஏட்டில் ஒரு சிறு குறிப்பு வெளியாயிற்று. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இளைஞர் ஐவருக்கு அரிதான நுரையீரல் அழற்சி கண்டிருந்தது என்பதே அச்செய்தி. நியூயார்க் நகரிலும் அத்தகைய நோயாளர் இருப்பது விரைவில் தெரியவந்தது. அவர்களுள் மிகப் பலர் ஆண்களையே விரும்பும் ஆண்கள். நோய்க்கு அப்போது பெயரில்லை. 'எய்ட்ஸ்' என்ற பெயரை அம்மையம் கையாளத் தொடங்கியது 1982 செப்டம்பரில்தான். பரவும் வழியும் தெளிவாகத் தெரியவில்லை. தெரியாமை அச்சத்தை வளர்த்தது. உணவுத் தட்டை அறை வாசலிலேயே வைத்துவிட்டு நகர்ந்த மருத்துவமனைப் பணியாளர்கள் இருந்தனர். வீட்டைக் காலி செய்யச் சொன்ன உரிமையாளர்கள் இருந்தனர். பெற்ற மகனைப் பார்க்க வர மறுத்த குடும்பங்களும் இருந்தன.

1981 ஆகஸ்டு 11 ஆம் நாள் எழுத்தாளர் லாரி கிரேமரின் இல்லத்தில் ஏறத்தாழ எண்பது பேர் கூடி, மருத்துவர் ஒருவர் கூறியதைக் கேட்டு, கையிலிருந்ததைத் திரட்டினர். சேர்ந்த தொகை 6,635 டாலர். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அவர்களுள் அறுவர் முன்னின்று ஜி.எம்.எச்.சி. என்று சுருக்கமாக வழங்கப்படும் அமைப்பை உருவாக்கினர். அவ்வமைப்பின் முதல் பெரிய நிதி திரட்டும் நிகழ்ச்சி 1982 ஏப்பிரல் 8 ஆம் நாள் இரவு நடைபெற்றது. இடம், கிங் தெருவில் இருந்த 'பேரடைஸ் கராஜ்' என்னும் நடனக்கூடம்.

பெயரே சொல்வதுபோல அது முன்னாளில் மோட்டார் வண்டிகளை நிறுத்தி வைத்த கட்டடம். அங்கே மது விற்கப்படவில்லை. பழமும் பழச்சாறும் காப்பியும் கிடைத்தன. வழக்கமாக வந்தவர்களுள் பெரும்பாலோர் கறுப்பினத்தையும் இலத்தீன் அமெரிக்க வழியையும் சேர்ந்த இளைஞர்கள். பிற இடங்களில் நிறத்தினாலும் இயல்பினாலும் ஒதுக்கப்பட்ட அவர்களுக்கு அக்கூடம் ஒரு புகலிடம். லாரி லெவன் என்பவர் அதன் நிலையான டிஜே. சுழல்மேடைகளில் இசைத்தட்டுகளை மாற்றி மாற்றி இழைத்து, மின்தாளக் கருவியின் ஒலியையும் இடையிடையே சேர்த்து, ஒரு பாட்டு எங்கே முடிந்து மற்றொன்று எங்கே தொடங்கிற்று என்று தெரியாதவாறு இரவு முழுதும் நடத்திச் செல்லும் கலை அவருடையது. பிற்காலத்து மின்னணு நடன இசைக்கு அக்கூடமும் ஒரு தாய்வீடு என்பர். இரைச்சல் என்று அதனை ஒதுக்குவோர், கோயில் திருவிழாவில் உறுமியும் தவிலும் முழங்க, கேட்பவர் கால்கள் தாமே எழுவதை நினைத்துப் பார்க்கலாம்.

அவ்வோர் இரவில் சேர்ந்தது ஐம்பதாயிரம் டாலர் அளவிலான தொகை. முன்னைய ஆகஸ்டில் கவலையோடு அமர்ந்து கேட்ட கூட்டத்தில் சேர்ந்ததைப் போல் ஏழு மடங்குக்கும் மேல். துயரம் திறக்காத பைகளை ஆட்டம் திறந்தது என்று சொல்லத் தோன்றும். அங்கேதான் அறநூலார் குறுக்கிடுவர்.

செருமானிய அறிஞர் இம்மானுவேல் காண்ட் 1785 இல் வெளியிட்ட அறநூலில், இயல்பான விருப்பத்தால் செய்யும் உதவி பாராட்டத்தக்கதாயினும் அதற்கு உண்மையான அறமதிப்பு இல்லை என்றும், விருப்பம் முற்றும் வற்றிய நிலையிலும் கடமை என்று கருதிச் செய்வதே அறம் என்றும் வாதிட்டார். அவர் கணக்குப்படி, ஆடும் ஆசையால் சீட்டு வாங்கியவன் அறம் செய்தவனல்லன். இதனைப் பொய்யென்று தள்ளிவிட முடியாது. அன்றிரவு வந்தோருள் இசைக்காகவே வந்தவர்கள் இருந்திருப்பர். அவர்களைக் கொடையாளர் என்று போற்ற வேண்டியதுமில்லை.

ஆனால் காண்ட் கொடுப்பவனின் நெஞ்சை மட்டுமே அளக்கிறார். திருக்குறளில் ஈகைக்கு முன்னே ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரம் நிற்பதை நாம் நினைக்க வேண்டும். ஈகையில் உள்ளவன் வேறு, இல்லாதவன் வேறு. ஒப்புரவு, உலகத்தோடு தானும் ஒருவனாய் நின்று பகிர்ந்துகொள்வது. நியூயார்க்கில் திரண்டவர்களை ஈகையின் அளவுகோலால் அளந்தால் குறை தெரியும். ஒப்புரவின் அளவுகோலால் அளந்தால் வேறொன்று தெரியும். யாருக்காகப் பொருள் திரட்டினரோ அவர்கள் எங்கோ இருந்த ஏழைகளல்லர். நேற்றுவரை இத்தகைய கூடங்களில் உடன் ஆடியவர்கள். இன்று ஆடுபவர்களுள் நாளை விழப்போகிறவர் யார் என்று எவருக்கும் தெரியாது. அந்நிலையில் ஆட்டம் துயரத்தை மறப்பதற்கான வழி மட்டுமன்று. ஒருவரையொருவர் விட்டுவிடவில்லை என்று காட்டும் வழியுமாகும். அவர்கள் வாழ்க்கைமுறையை ஏற்பாரும் ஏற்காதாரும் நம்மிடையே உளர். நோய்ப்படுக்கை அவ்வினாவைக் கேட்பதில்லை.

இதில் மற்றொரு சுவையான செய்தியும் உண்டு. அமைப்பைத் தொடங்கியவருள் ஒருவரான கிரேமர், 1978 இல் வெளிவந்த தம் நாவலில் அந்நகரத்து இரவுக் கேளிக்கைகளை இரக்கமின்றி எள்ளி நகையாடியவர். அவரை உறுப்பினராகக் கொண்ட அமைப்பு முதலில் நாடியது நடனக்கூடத்தையே. மக்கள் எங்கே கூடுகிறார்களோ அங்கேதான் மக்களைக் கேட்க முடியும்.

எனின், இன்பத்தின் வழியே வந்த பணத்திற்கு உரைகல் எது? மறுநாட் காலை என்று கூறலாம். 1971 ஆகஸ்டு முதல் நாள் அதே நியூயார்க்கில் இரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் வங்காள அகதிகளுக்காக நடத்திய இசைநிகழ்ச்சி உலகப் புகழ் பெற்றது. நோக்கம் தூயது, இசையும் உயர்ந்தது. ஆனால் முறையான அறநிறுவன ஏற்பாடு முன்கூட்டியே செய்யப்படாமையால், இசைத்தட்டு விற்பனையில் வந்த பெருந்தொகை வரிச் சிக்கலில் மாட்டிப் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. பசி அத்தனை ஆண்டுகள் காத்திருக்குமா? அறம் கணக்கேட்டிலும் வாழ்கிறது என்பதை விழாக் குழுவினர் பலர் மறந்துவிடுகின்றனர்.

கராஜ் இரவை நடத்தியவர்கள் அடுத்த மாதமே, தம் தொண்டர் ஒருவர் வீட்டுத் தொலைபேசியில் நோய் பற்றிய வினாக்களுக்கு விடையளிக்கத் தொடங்கினர். முதல் இரவிலேயே நூற்றுக்கு மேற்பட்ட அழைப்புகள் வந்தன. பின்னர், ஒவ்வொரு நோயாளருக்கும் ஒரு தோழர் என்ற முறையில் தொண்டர்கள் வீடு வீடாகச் சென்றனர். கடைக்குப் போய்வந்தனர்; சமைத்தனர்; துணி துவைத்தனர்; பேச்சற்றவரின் அருகே அமர்ந்திருந்தனர். இசையில்லாத, விளக்கு வண்ணமில்லாத அவ்வறைகளில் செய்த பணிக்குக் காண்ட் கேட்ட கடமையுணர்வு வேண்டியிருந்தது. ஆட்டத்தில் தொடங்கியவர்கள் அதிலேயே நின்றுவிடவில்லை.

1983 ஏப்பிரல் 30 ஆம் நாள் அவ்வமைப்பு மாடிசன் சதுக்க அரங்கில் ஒரு சர்க்கஸ் காட்சியை முழுமையாக வாங்கி, 17,000 பேருக்கு மேல் திரட்டியது. இம்முறை யானைகளும் கோமாளிகளும். தொடக்கத்தில் நாட்டுப்பண் வாத்தியக் குழுவை நெறிப்படுத்தியவர் புகழ்பெற்ற இசையறிஞர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன். பெருமக்களும் இப்போது வந்து அமர்ந்தனர்.

பேரடைஸ் கராஜ் 1987 செப்டம்பரில் கதவடைத்தது. கூடத்தின் உரிமையாளர் மைக்கேல் பிரோடியும் எய்ட்ஸ் நோயால் அவ்வாண்டு முடிவதற்குள் இறந்தார். ஐந்தாண்டுகளுக்கு முன் அவருடைய கூடத்தில் பணம் திரட்டப்பட்டது, முகம் தெரியாத பிறருக்காக அன்று.