எச்சம் போடாத பறவை

பள்ளிக்கூடத்தில் நாம் எழுதிய முதல் கட்டுரை பெரும்பாலும் பசுவைப் பற்றியதாக இருந்திருக்கும். பசுவுக்கு நான்கு கால்கள், இரண்டு கொம்புகள், ஒரு வால். அப்புறம் நேராகப் 'பயன்கள்'தான். பால், தயிர், நெய், சாணம். மரத்தைப் பற்றி எழுதச் சொன்னாலும் நிழல், பழம், விறகு என்று அதே வரிசை. நம்மைத் தவிர உலகத்தில் இருக்கும் எதையும் 'இதனால நமக்கு என்ன?' என்று கேட்டு அறிமுகம் செய்துகொள்ளும் பழக்கம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

வனத்துறையினர் பள்ளிப் பிள்ளைகளைக் காட்டுக்கும் ஏரிக்கும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும் பயணங்களிலும் இந்தப் பழக்கம் கூடவே வருகிறது. பறவை இருந்தால் பூச்சி கட்டுப்படும், காடு இருந்தால் மழை வரும், புலி இருந்தால் ஆற்றில் தண்ணீர் இருக்கும். இதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. ஒரு பறவையை ஏன் காப்பாற்ற வேண்டும் என்று குழந்தைக்கு எந்தக் காரணத்தைச் சொல்வது? பயன் என்றால் சட்டென்று புரிகிறது. சட்டென்று புரிவதாலேயே அது போதுமான காரணம் ஆகிவிடுமா?

வேடந்தாங்கலை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர், 30 ஹெக்டேர் அளவுள்ள சின்ன ஏரி. தண்ணீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் நவம்பர் முதல் மார்ச் வரை நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், வக்கா, பாம்புத்தாரா, கூழைக்கடா எல்லாம் கூடு கட்டும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798இல் கலெக்டர் லயோனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கு எழுதிக் கொடுத்தார். 1858இல் அதைப் புதுப்பித்தும் வாங்கினார்கள். ஊர்க்காரர்கள் சும்மா போய் நிற்கவில்லை. பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் கலக்கிறது, அந்தத் தண்ணீர் பாயும் வயலுக்குத் தனியாக உரம் வேண்டாம். அந்த லாபம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பள்ளிப் பயணங்களில் சொல்வதற்கு இதைவிடத் தோதான கதை கிடைக்காது. சில வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரியில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேருக்குத் துணையாக நானும் அங்கே போயிருந்தேன். ரேஞ்சர் இந்தக் கதையை நன்றாகவே சொன்னார். கரையில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் கை தூக்கினான்.

"சார், அதுங்க எச்சம் போடலைன்னா சுட்டுடலாமா?"

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் முறைத்தார். ரேஞ்சர் மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, எனக்கு இந்த ஊர்ல வயல் கிடையாது. எச்சத்தால எனக்கு ஒரு பைசா லாபம் இல்ல. ரெண்டு மூணு வருஷத்துல வேற எடத்துக்கு மாத்திடுவாங்க. ஆனா லீவுல வீட்டுக்குப் போனாக்கூட, அந்த மூணாவது மரத்துல குஞ்சு பொரிச்சிருக்குமான்னுதான் மனசு ஓடுது. ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல."

பையனுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்ததா என்று தெரியாது. எனக்கு அவன் கேள்வி போதுமானதாக இருந்தது. ஏனென்றால் அதில் குறும்பைவிடத் தர்க்கம் அதிகம். பயன்தான் காரணம் என்றால், பயன் தீர்ந்த அன்று காரணமும் தீர்ந்துவிட வேண்டும். இன்று யூரியா மூட்டை கடையிலேயே கிடைக்கிறது. 2020இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை இருந்த சரணாலயப் பகுதியை மறுவரையறை செய்ய ஒரு முன்மொழிவு வந்தது. பலத்த எதிர்ப்பு எழுந்தது. அந்த வட்டத்துக்குள் தொழிற்சாலைகள் இருக்கின்றன. வேலை, வருமானம், மருந்து என்று தொழிற்சாலையும் தன் 'பயன்கள்' பட்டியலை நீட்டும். அந்தப் பட்டியலோடு பறவையின் பட்டியலை வைத்துப் போட்டியிட்டால் பறவை ஜெயிக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? பயனை மட்டுமே கற்றுக்கொடுத்தால், பெரிய பயன் வரும்போது விட்டுக்கொடுக்கவும் சேர்த்தே கற்றுக்கொடுத்துவிடுகிறோம்.

சரி, வேறு என்ன காரணம் சொல்லலாம்? தத்துவவாதி இம்மானுவேல் காண்ட், விலங்குகளுக்கு நாம் நேரடியாகக் கடமைப்பட்டவர்கள் இல்லை என்றார். ஆனால் விலங்கிடம் கொடுமையாக நடப்பவன் மனிதரிடமும் இறுகிப்போவான், அதனால் கொடுமை கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் இதுவும் பயன்தான். வயலுக்கு உரமாக இருந்த பறவை இப்போது நம் குணத்துக்கு உரமாகிறது, அவ்வளவே. பையன் இங்கேயும் கை தூக்குவான்: "சார், நான் மனுஷங்ககிட்ட நல்லபடியா நடந்துக்கிட்டா, நாரையைச் சுடலாமா?"

அப்படியானால் பறவைக்குத் தன்னளவிலேயே மதிப்பு உண்டு என்று சொல்லிவிடலாமா? நானும் அதை நம்புகிறேன். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் அதை ஒரு வாக்கியமாகச் சொன்னால் பலகையில் எழுதிப்போட்ட பொன்மொழி மாதிரி ஆகிவிடுகிறது. எழுதிக்கொள்வார்கள், பரீட்சையிலும் எழுதுவார்கள்.

எனக்கு ஒரு வெளிச்சம் கொடுத்தது வேடந்தாங்கலின் தீபாவளி. அந்த ஊரில் பறவைகளுக்காகப் பட்டாசு வெடிப்பதில்லை. இதைச் செய்தித்தாளில் படித்து ரசித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். யோசித்துப் பார்த்தால், எச்சம் கலந்த தண்ணீரால் லாபம் வயல் வைத்திருப்பவருக்குத்தான். எந்த ஊரிலும் நிலம் இல்லாத வீடுகள் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைக்கும் தீபாவளி உண்டு. அந்தப் பிள்ளை கம்பி மத்தாப்போடு நிறுத்திக்கொள்வதற்கு உரக்கணக்கு விளக்கம் ஆகாது. தொடக்கத்தில் பயனாக இருந்தது, தலைமுறைகள் தாண்டி வழக்கமாகி, வழக்கம் ஊரின் மானமாகிவிட்டது. தமிழில் 'எச்சம்' என்றால் பறவையின் கழிவு மட்டும் இல்லை, மிஞ்சி நிற்பதும் எச்சம்தான். பயன் போன பிறகும் மிஞ்சி நிற்பது எதுவோ, அதற்குத்தான் அறம் என்று பெயர் வைக்கத் தோன்றுகிறது.

கர்நாடகத்தில், மண்டியா மாவட்டத்துக் கொக்கரெபெள்ளூரில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே கூழைக்கடாக்களும் மஞ்சள்மூக்கு நாரைகளும் ஊருக்கு நடுவே புளிய மரங்களில் கூடு கட்டுகின்றன. கூடு இருக்கும் மரத்தில் புளி உலுக்க முடியாது, நஷ்டம். அந்த நஷ்டத்துக்கு வனத்துறை ஈடு கொடுப்பதெல்லாம் பிற்காலத்தில் வந்தது. ஊர்க்காரர்கள் அந்தப் பறவைகளைப் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மகள்களாகப் பார்க்கிறார்கள். தாய்வீட்டுக்கு வந்த பெண்ணிடம் 'உன்னால என்ன பயன்?' என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் கேட்டவரைத்தான் ஊர் ஏசும். உறவு வந்த இடத்தில் 'ஏன்?' என்ற கேள்விக்கே வேலை குறைந்துவிடுகிறது.

இங்கேதான் பள்ளிப் பயணத்தின் சிக்கல் இருக்கிறது. உறவு என்பது நாட்பட வேண்டிய விஷயம். பிள்ளைகளுக்கோ இரண்டு மணி நேரம். பேசாதே, ஓடாதே, கல்லெறியாதே என்கிறார்கள், அவர்களும் அடங்கியிருக்கிறார்கள். காவலரின் விசிலுக்குப் பயந்த அமைதி எப்படி அறமாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வேடந்தாங்கல் பிள்ளையும் முதல் தீபாவளியில் அப்பாவுக்குப் பயந்துதானே பட்டாசைக் கீழே வைத்திருக்கும்? நியாயமான செயல்களைச் செய்து செய்துதான் ஒருவர் நியாயமானவர் ஆகிறார் என்று அரிஸ்டாட்டில் சொன்னது இதைத்தான். வித்தியாசம் என்னவென்றால், ஊர்ப்பிள்ளைக்கு அடுத்த வருடமும் தீபாவளி அங்கேதான். நம் பிள்ளைகள் பஸ் ஏறியதும் அமைதி முடிந்துவிடுகிறது.

அந்த நாற்பது பேரும் வேளச்சேரிப் பக்கத்துப் பிள்ளைகள். அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கரணை சதுப்புநிலம் இருக்கிறது. வேடந்தாங்கலைப் போலவே அதுவும் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அங்கேயும் கூழைக்கடா வருகிறது, நாரை வருகிறது. அதன் ஓரத்தில்தான் பெருங்குடி குப்பைமேடும் இருக்கிறது. அந்தக் குப்பையில் அவர்கள் வீட்டுக் குப்பையும் இருந்திருக்கும். 75 கிலோமீட்டர் போய் ஒரு தரம் வியந்து பார்ப்பதைவிட, மூக்கைப் பொத்திக்கொண்டாவது பக்கத்துச் சதுப்புநிலத்தை மாதம் ஒரு தரம் ஒரு வனக்காவலரோடு போய்ப் பார்ப்பது பெரிய கல்வி என்று எனக்குப் படுகிறது. போன மாசம் இருந்த பறவை இந்த மாசம் ஏன் இல்லை என்று கேட்க, போன மாசமும் போயிருக்க வேண்டுமே.

இதனால் பயனைச் சொல்லவே கூடாது என்று நான் வாதிடவில்லை. எச்சக் கதை உண்மை வரலாறு, கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அது உள்ளே நுழைய ஒரு வாசல். வாசலிலேயே பிள்ளைகளை நிறுத்திவிட்டுப் பயணம் முடிந்தது என்று திரும்பக் கூடாது, அவ்வளவுதான். அமைதியாக இருக்கச் சொல்வதும் நல்ல குணம் வருவதற்கான பயிற்சி என்று நினைத்தால், மறுபடியும் பறவையைக் கருவியாக்கிவிடுவோம். நம் சத்தம் அடங்கினால்தான் அது நம்மைச் சட்டை பண்ணாமல் தன் வேலையைப் பார்க்கும். குஞ்சுக்கு இரை ஊட்டும், சுள்ளிக்காகப் பக்கத்துக் கூட்டோடு சண்டை போடும். நம்மை ஒரு பொருட்டாகவே நினைக்காத ஒரு வாழ்க்கை நம் கண்ணெதிரே முழுசாக நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பத்து நிமிடம் நிஜமாகப் பார்த்த பிள்ளைக்கு, 'இதனால நமக்கு என்ன?' என்ற கேள்வி கொஞ்சம் கூச்சம் தரக்கூடும்.

அந்தக் கூச்சத்துக்கு மதிப்பெண் போட முடியாது. ரேஞ்சர் 'சொல்லத் தெரியல' என்றது அறியாமையால் இல்லை என்றே நினைக்கிறேன். தான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிற ஒன்றைப் பற்றி நேர்மையானவர் அவ்வளவுதான் சொல்ல முடியும். அடுத்த தரம் பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் தயாரிக்கும் ஆசிரியர்கள், 'பயன்கள் யாவை?' என்பதற்குக் கீழே இன்னொரு கேள்விக்கும் இடம் விடலாம்: எந்தப் பயனும் இல்லாவிட்டாலும், நீ அங்கே பார்த்தவற்றில் எது இருக்க வேண்டும்? அதற்கு விடைக்குறிப்பு வேண்டாம்.