பத்து நிமிஷமாவது

புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையை எடுக்கும்போது என் கை இன்றும் நடுங்கும். ஆனால் வருஷத்துக்கு ஒரு வசனம் ஆத்துமாவுக்குப் போதாது. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல நான் எடுத்துக்கொள்வது டீட்ரிக் போன்ஹோஃபரின் வாழ்க்கையை.

1939 ஜூனில் அந்த ஜெர்மானியப் போதகர் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். ஹிட்லரின் ராணுவம் அவரை அழைக்கும் நாள் நெருங்கியிருந்ததால், அமெரிக்க நண்பர்கள் வேலையும் பாதுகாப்பும் ஏற்பாடு செய்திருந்தார்கள். அவருக்கோ மனம் ஆறவில்லை. மொராவியச் சபையாரின் தினவசன நூலை விடாமல் வாசித்து வந்தவர் அவர். ஜூன் 26 அன்று, குளிர்காலத்துக்கு முன் வந்து சேரும்படி பவுல் தீமோத்தேயுவை அழைக்கும் வசனம் அவரைப் பற்றிக்கொண்டது. ஜூலையில் ஜெர்மனிக்குத் திரும்பக் கப்பலேறினார். 1945 ஏப்ரல் 9 அன்று ஹிட்லர் ஆட்சியின் ஃப்ளோசன்பூர்க் வதைமுகாமில் தூக்கிலிடப்பட்டார்.

அந்த வசனம் அவருக்குத் திருவுளச்சீட்டு அல்ல. அமெரிக்காவில் தங்கும் வாய்ப்பை ஜூன் 20ஆம் தேதியே மறுத்துவிட்டார். மறுக்கும் பலம் வந்தது பல வருஷத் தியானத்தில் என்றே நம்புகிறேன். ஃபிங்கன்வால்டே இறையியல் பள்ளியில் அவருடைய மாணவர்கள் ஒரே வேதபகுதியை வாரம் முழுதும், தினம் அரை மணி நேரம் தியானிப்பார்கள்.

என் பிள்ளைகளுக்கும் அதையே பழக்குகிறேன். அரை மணி முடியாதவர்கள் பத்து நிமிஷமாவது உட்காரட்டும்.