பிறர்க்கென எழுந்த நாதம்

ஒரு வித்வான் காலமான பிறகு, அவர் பாடியும் வாசித்தும் வெளியீடு காணாமல் ஒலிநாடாக்களில் தங்கிப்போன கச்சேரிகளை முறைப்படி வெளியிட்டாக வேண்டும் என்று ரஸிகர்கள் கேட்பதைக் கண்டு, இது வெறும் செவியாசை, இருக்கிற ரிக்கார்டுகள் போதாவா என்று சலித்துக்கொள்ளுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தள்ளிவிட மனம் வரவில்லை. கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றி மரியாதை தேடித் தந்த மான்பூண்டியா பிள்ளையும், மிருதங்கம் கஞ்சிரா ஆகிய இரண்டிலும் நிகரற்று விளங்கிய அவருடைய சிஷ்யர் தக்ஷிணாமூர்த்தி பிள்ளையும் வாழ்ந்த புதுக்கோட்டைச் சீமையில், அந்த லய மரபின் வாரிசாக வந்து 1962-இல் மறைந்த பழனி சுப்பிரமணிய பிள்ளையின் தனி ஆவர்த்தனங்களைப் பற்றி மூத்த ரஸிகர்கள் பேசத் தொடங்கினால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் யார் வீட்டில் என்ன நாடா இருக்கிறது என்ற கேள்வியில் வந்து நிற்கும். மேடையில் உச்சத்தில் இருந்த பலர் இசைத்தட்டுக்குப் பாடியது மிகக் கொஞ்சம். மதுரை மணி ஐயரை இன்று நாம் கேட்டு உருகுவதெல்லாம், பெரும்பாலும், தனிப்பட்ட அன்பர்கள் சொந்தச் செலவில் பதிவு செய்து வைத்த கச்சேரிகளால்தான்.

நாதத்தை உபாஸனை என்று சொல்லிப் பழகிய நாட்டில் இதைக் கேவலம் சொத்துத் தகராறாகக் கருதுவது பொருந்தாது. ஈசுவர சந்நிதியில் சமர்ப்பணமான ஓர் ஒலிக்கு அதன் பின்னர் உரியவர் யார்? பாடியவரா, அவருடைய மக்களா, பதிவு செய்தவரா, கேட்க விரும்பும் எவருமா? அல்லது எழுந்த கணத்திலேயே அது தன் பயனை அடைந்துவிட்டதால், அதைத் தேடி அலைவது பற்று என்னும் குற்றத்தின் பாற்பட்டதா?

இந்தக் கேள்வியோடு குடுமியான்மலைக்குப் போய் நிற்பது நல்லது. புதுக்கோட்டைக்கு மேற்கே, சிகாநாதசுவாமி கோயிலை ஒட்டிய குன்றின் சரிவில், மேலைக்கோயில் என்னும் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில், ஏழு அல்லது எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக அறிஞர் கருதும் இசைக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கிரந்த எழுத்தில், மத்யம கிராமம், ஷட்ஜ கிராமம், ஷாடவம், ஸாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம் என்னும் ஏழு ராகங்களுக்கு உரிய ஸ்வரக் கோவைகள் நான்கு நான்கு ஸ்வரங்களாக வகுத்து வெட்டப்பட்டிருக்கின்றன. செய்தவன் தன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. பரம மாகேசுவரனான ஓர் அரசன் என்றும், ருத்ராசாரியரின் சிஷ்யன் என்றும், மாணாக்கரின் நன்மையைக் கருதி இதைச் செய்ததாகவும் குறித்துவிட்டு விலகிக்கொள்ளுகிறான். மஹேந்திரவர்ம பல்லவனே அவன் என்று ஒரு சாரார் வாதிக்கிறார்கள், மறுப்போரும் உண்டு. எனக்கு அந்த வழக்கில் அவ்வளவு சிரத்தை இல்லை. அரண்மனைக்குள் தனக்கென வைத்துக்கொள்ளத்தக்க ஒரு வித்தையை, மழையும் வெயிலும் படுகிற பாறையில், வருகிற போகிறவர் எல்லாரும் பார்க்கும்படி எழுதிவைத்தான் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நம்முடைய தார்க்கிகர்கள் ஒலியைப் பற்றி நெடுங்காலம் சண்டையிட்டிருக்கிறார்கள். நையாயிகர் மதத்தில் ஒலி முயற்சியால் உண்டாவது. உண்டாவது எதுவாயினும் அழிவது. ஆகாசத்தின் குணமாகிய அது தோன்றி, கேட்கப்பட்டு, ஒழிந்துவிடுகிறது. மீமாம்ஸகர் இதை ஒப்பவில்லை. சப்தம் நித்தியமானது, உச்சரிப்பு அதை வெளிப்படுத்துகிறதேயன்றி உண்டாக்குவதில்லை என்பது அவர்கள் கொள்கை. அதற்கு ஜைமினி முனிவர் காட்டும் ஹேதுக்களில் ஒன்று என் மனத்தை விட்டு அகலாதது. ஒருவன் வாய் திறந்து சொல்லுவது தனக்காக அன்று, பிறன் அறிய வேண்டும் என்பதற்காகவே. சொன்ன மாத்திரத்தில் அது நசித்துப்போவதாயின் கேட்பவனிடம் பொருள் சென்று சேர வழி ஏது என்பது அவர் கேள்வி. அவர் பேசியது வேதச் சொல்லைக் குறித்தே தவிர, தோடி ஆலாபனையைக் குறித்தன்று என்பதை நான் மறக்கவில்லை. ஆயினும், ஒலி நித்தியமா அநித்தியமா என்ற வழக்கில் எந்தப் பக்கம் நின்றாலும், வெளிப்படுத்தப்படும் ஒலி பரார்த்தமானது, பிறர் பொருட்டானது என்ற அந்த ஒரு நியாயத்தை மறுப்பது அரிது. தனக்காக மட்டும் பாடுகிறவன் மேடை ஏற வேண்டியதில்லை. கோயில் உத்ஸவத்தில் வீதியுலாவின்போது வாசிக்கப்பட்ட நாகஸ்வரத்தையோ கேட்கவே வேண்டாம். கோயிலுக்குள் நுழைய அனுமதி மறுக்கப்பட்டிருந்த மக்களின் செவிக்கும், தெருமுனை வரையில் வந்து, தடையின்றி எட்டிய ஸங்கீதம் அது.

புதுக்கோட்டைக் கீழராஜ வீதிப் பக்கத்து வீடு ஒன்றில் அத்தகைய பழைய நாடா ஒன்றைக் கேட்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. யாருடைய கச்சேரி என்று சொல்லமாட்டேன். வெளியிடுவதா வேண்டாமா என்று அவருடைய மக்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. ஓரங்களில் பசை விட்டுப்போன அட்டைப் பெட்டி. உள்ளே கரைந்து மிளகளவு ஆகிவிட்ட நாப்தலீன் உருண்டை. மூடியின் உட்புறத்தில் நீல மையில் வரிசையாக எழுதிய கிருதிகளின் பெயர்கள். அவற்றில் ஒன்றுக்கு எதிரே மட்டும் ஒரு கேள்விக்குறி. 1200 அடி நாடா, வினாடிக்கு 3¾ அங்குல வேகத்தில் ஓடினால், ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் கொள்ளும். ஆகவே கல்பனா ஸ்வரத்தின் நடுவில் பதிவு அறுந்து, மறுபக்கத்தில் வேறோர் இடத்தில் தொடங்குகிறது. சுற்றிவைத்த நாடாவில் ஓர் அடுக்கின் காந்த சக்தி அடுத்த அடுக்கில் சிறிது படிந்துவிடுமாதலால், வித்வான் வாய் திறப்பதற்கு ஒரு கணம் முன்னதாகவே, அவர் பாடப்போகும் பிடி மிக மெல்லியதாக, தொலைவில் யாரோ பாடுவதுபோலக் கேட்டது. தம்புராவின் சுருதி, மிருதங்கக்காரர் ரவை அப்பித் தொப்பியைச் சரிபார்க்கும் ஓசை, ஒரு குழந்தையின் அழுகை, இரண்டு இடங்களில் “சபாஷ்” என்னும் தழுதழுத்த குரல். அநுபல்லவியில் பெரியவருக்கு ஸாஹித்யம் மறந்துபோயிற்று. பிடில்காரர் அந்த அடியை வாசித்து எடுத்துக் கொடுத்தார். பெரியவர் அதைப் பற்றிக்கொண்டு எழும்பிப் பாடிய சங்கதிகள், அவருடைய இசைத்தட்டுகள் எதிலும் நான் கேட்டறியாதவை.

அவருடைய மக்கள் அஞ்சுவது அந்த மறதியைக் குறித்துத்தான். தந்தையின் தளர்ந்த குரலை உலகம் கேட்டுக் குறை சொல்லுமே, வியாபாரி எவனாவது காசாக்கிக்கொள்வானே என்று அவர்கள் நினைப்பதில் பாசம் இருக்கிறது. அதை இகழ்வது பாவம். அதைக் காட்டிலும் வன்மையான ஆக்ஷேபம் ஒன்றும் உண்டு. பாடியவர் மௌனத்தை விரும்பியிருக்கலாம் அல்லவா?

மௌனத்தைப் பற்றிப் பேசும்போது, இந்தச் சீமையில் யாருக்கும் ஸதாசிவப் பிரம்மேந்திரர் நினைவுக்கு வராமல் போகமாட்டார். பேச்சைத் துறந்து திரிந்த அந்த மஹானை, 1738-ஐ ஒட்டி, திருவரங்குளம் காட்டில் புதுக்கோட்டை மன்னர் விஜயரகுநாதராயத் தொண்டைமான் தரிசித்து உபதேசம் வேண்டியபோது, அவர் வாய் திறவாமல் மணலில் விரலால் எழுதிக் காட்டினார் என்பதும், மன்னர் அந்த மணலை அள்ளித் தம் வஸ்திரத்தில் முடிந்துகொண்டுவந்து அரண்மனையில் வைத்துப் பூஜித்தார் என்பதும், அது தக்ஷிணாமூர்த்தி சந்நிதியில் இன்றும் போற்றப்படுகிறது என்பதும் இங்கே குழந்தைகளும் அறிந்த வரலாறு. அள்ளிய மணலில் எழுத்து இராது என்பது மன்னருக்குத் தெரியாதா? தெரிந்தே அள்ளினார். ஒருவருக்கென்று அருளப்பட்ட உபதேசம் அந்த ஒருவரிடம் சேர்ந்துவிட்டது; எஞ்சிய மணல் பூஜைக்குரியதாயிற்று. அங்கே பெட்டியும் பூட்டும் தகும். பாறையில் வெட்டியது ஊருக்கு; மணலில் எழுதியது ஒருவருக்கு; இரண்டும் தத்தம் வகையில் தர்மமே.

ஆதலால் ஒரு வித்வான், இது சாதகத்துக்காகப் பாடியது, இது வெளியே போகக் கூடாது என்று வாயால் சொல்லியோ எழுதியோ வைத்திருப்பாரானால், அந்த நாடாவின் முன் ரஸிகன் கைகட்டி நிற்பதே முறை. அது அவருடைய மௌனம். அதை உடைக்க எவருக்கும் பாத்தியதை இல்லை. ஆனால் நூறு பேர் முன்னிலையில், உத்ஸவப் பந்தலில், சிரக்கம்பம் செய்தும் தாளம் போட்டும் ஊர் கேட்ட கச்சேரி, பதிவு செய்தவரின் அலமாரியிலோ ஒரு நிறுவனத்தின் நிலவறையிலோ அகப்பட்டுக்கொண்டது என்ற ஒரே காரணத்தால் எப்படி ரஹஸ்யோபதேசம் ஆகிவிடும்? பாடியவருடைய மௌனத்துக்கு இருக்கும் பவித்திரம் காவல் இருப்பவருடைய மௌனத்துக்குக் கிடையாது. பரார்த்தமாக எழுந்த ஒன்றைத் தன்னிடமே நிறுத்திக்கொள்வது, எத்தனை பக்தியோடு செய்தாலும், அபரிக்ரஹம் என்னும் விரதத்துக்கு மாறானதே.

அப்படியானால் திருட்டுத்தனமாகப் பிரதி எடுத்துப் பரப்புகிறவர்கள் செய்வது நியாயந்தானே என்று கேட்பவர்கள், அண்டைச் சீமைத் திருக்கோஷ்டியூரில் ராமாநுஜர் கோபுரமேறி மந்திரார்த்தத்தை ஊருக்கெல்லாம் சொன்னதைத் துணைக்கு அழைக்கிறார்கள். மரபு சொல்லும் அந்த வரலாற்றில் இரண்டு பகுதிகள் உண்டு. எல்லாரும் கேட்கச் சொன்னார் என்பது ஒன்று; குருவின் ஆணையை மீறியதால் தமக்கு நரகம் வாய்க்கும் என்பதை அறிந்து, அதை ஏற்றுக்கொண்டு சொன்னார் என்பது மற்றொன்று. இரண்டாவது பகுதியை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு, பக்கவாத்தியக்காரரின் பெயரும் இல்லாமல், வருஷமும் இடமும் இல்லாமல், குடும்பத்துக்கு ஒரு காசும் சேராமல் விற்பவருக்கு ராமாநுஜரின் பெயரை எடுக்க யோக்கியதை இல்லை. ரஸிகர்கள் முறையான வெளியீட்டை வேண்டுவதன் சிறப்பே இதில்தான் இருக்கிறது. கேட்க மட்டும் அவர்கள் ஆசைப்படவில்லை, உரியவருக்கு உரியதைச் செய்துவிட்டுக் கேட்க ஆசைப்படுகிறார்கள். அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் என்னும் ராக் இசைக் குழுவினர், 1984 முதல், தங்கள் கச்சேரிகளில் ரஸிகர்கள் பதிவு செய்வதற்கென்றே தனி இடம் ஒதுக்கினார்கள். பின்னர்த் தங்கள் பெட்டகத்தில் இருந்தவற்றையும் தாங்களே வரிசையாக வெளியிட்டார்கள். தங்கள் ஒலி பிறருக்கானது என்பதை உயிரோடிருக்கும்போதே ஒப்புக்கொண்டவர்களின் ரஸிகர்கள், பின்னர் அவர்களுடைய மக்களிடம் வழக்காட வேண்டியதில்லை.

நம் நாட்டுச் சட்டத்தின் போக்கும் இங்கே கவனிக்கத்தக்கது. ஒலிப்பதிவின் பதிப்புரிமை, அது முதலில் வெளியிடப்பட்ட ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் என்று 1957-ஆம் ஆண்டுச் சட்டம் கணக்கிடுகிறது. வெளியிடப்படாத பதிவுக்கு அந்தக் கணக்கு தொடங்குவதே இல்லை. நாடாவோ அப்படிக் காத்திருப்பதில்லை. அதில் பூசிய இரும்புத் துகளைப் பிடித்துவைத்திருக்கும் பசை நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்து, ஓட்டும்போதே துகள் உதிர்ந்துவிடுகிறது. சிதம்பரத்தில் மூவர் முதலிகளே வந்தாலன்றித் திறவோம் என்று பூட்டிவைத்திருந்த அறையை ராஜராஜன் திறப்பித்தபோது, தேவார ஏடுகளைப் பெரும்பாலும் செல் அரித்திருந்தது என்ற கதை தமிழர்க்குப் புதிதன்று. திருமயத்துச் சிவன் குடைவரையில் குடுமியான்மலையைப் போன்றே இருந்த இசைக் கல்வெட்டின் பெரும்பகுதி செதுக்கி எடுக்கப்பட்டு, அங்கே 13-ஆம் நூற்றாண்டில் இரண்டு கோயில்களுக்கு இடையிலான வழக்கின் தீர்ப்பு பொறிக்கப்பட்டது. நாடாவின் விலைக்கு அஞ்சி ஒரு கச்சேரியின் மேல் இன்னொன்றைப் பதிந்தவர்களை நாம் எப்படி நொந்துகொள்வது?

குடுமியான்மலைப் பாறை தப்பியது. ஆனால் முழுமையாகத் தப்பியதா என்றால் இல்லை. அங்கே ஒவ்வொரு ஸ்வர எழுத்தும் அ, இ, உ, எ என்னும் உயிர்கள் ஏறி நான்கு வடிவில் வருகிறது. சில எழுத்துகளின் தலையில் புள்ளி இருக்கிறது. அவை சுருதி பேதமா, வீணையில் மீட்டும் முறையா என்று, 1904-இல் கல்வெட்டு கண்டறியப்பட்ட நாள் தொட்டுப் பண்டிதர்கள் ஆராய்ந்தும் ஒருமித்த முடிவு இல்லை. எந்த மாணாக்கருக்காக அவ்வரசன் வெட்டினானோ அந்த மாணாக்கர் பரம்பரை இடையில் அற்றுப்போனதால், எழுத்து மிஞ்சியும் பாட்டு மிஞ்சவில்லை. நாடாக்களுக்கும் இந்தக் கதி நேரலாம் என்பதே என் கவலை. மூடியில் கண்ட அந்தக் கேள்விக்குறிக்கு விடை சொல்லக்கூடியவர்கள், வாசிப்பவர் கை யாருடையது, எந்த ஊர் உத்ஸவம், அந்தக் கோர்வை எந்த வழியில் வந்தது என்று இரண்டு ஆவர்த்தனம் கேட்டவுடன் சொல்லக்கூடிய முதியவர்கள், புதுக்கோட்டையிலும் சுற்றுப்புறத்திலும் இப்போது விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்டார்கள். அவர்கள் காதில் விழாமல் இன்னும் சில காலம் பூட்டிவைத்துப் பிறகு வெளியிட்டால், வெளிவருவது பெயரற்ற ஓசையாக இருக்கும்.

சென்னை மியூசிக் அகாடமியில் ஆயிரக்கணக்கான மணி நேரப் பதிவுகளை யாரும் உட்கார்ந்து கேட்கும்படி வசதி செய்திருக்கிறார்கள். வானொலியும் தன் சேமிப்பிலிருந்து சிறிது சிறிதாக வெளியிட்டிருக்கிறது. நன்றி பாராட்ட வேண்டிய காரியங்களே. ஆனால் இலுப்பூரிலிருந்து தவில் கற்க வரும் பையன் சென்னைக்குப் போய் அமர்ந்து கேட்க முடியாது. புதுக்கோட்டை மாவட்ட அரசு இசைப் பள்ளியில் ஓர் அறையை இதற்கென்று ஒதுக்கி, மனமுவந்து கொடுக்கும் வீடுகளிலிருந்து நாடாக்களைப் பெற்று, பிரதி எடுத்து, மூலத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுத்து, மேலே சொன்ன முதியவர்களை வாரத்துக்கு ஒரு நாள் அழைத்துவந்து கேட்கச் செய்து, அவர்கள் சொல்லுவதை எழுதிக்கொண்டு, குடும்பத்தின் சம்மதத்தோடும் பங்கோடும் ஒவ்வொன்றாக வெளியிடத் தொடங்கலாம். முதல் நாடாவாக எதை எடுப்பது என்று என்னைக் கேட்டால், ஸாஹித்யம் மறந்துபோன அந்தக் கச்சேரியையே சொல்லுவேன். அதற்கு அவருடைய மக்களின் சம்மதத்தை வேண்டி ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன்.