டிக்கிக்கு ஒரு வாசல்

1958-இல் பிரிட்டனில் வந்த ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட் என்னும் சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்கு டிக்கி உண்டு, டிக்கிக்கு மூடி கிடையாது. இருக்கையின் முதுகைச் சாய்த்து, தலையை உள்ளே நுழைத்து, இருட்டில் துழாவித்தான் ஸ்டெப்னியை இழுக்க வேண்டும். மழையில் பஞ்சரானவர் என்ன சொல்லித் திட்டியிருப்பார் என்று ஊகித்துக்கொள்ளலாம். மூடி வைக்காததால் விலை குறைந்தது. வெட்டுப்படாத தகடு வண்டியின் பின்பாதியை இறுக்கிப் பிடித்திருந்தது என்பது கூடுதல் லாபம். 1961-இல் வந்த இரண்டாம் மாடலில் மூடி வைத்துவிட்டார்கள்.

1953-இல் வந்த ஸ்டாண்டர்ட் எய்ட் காருக்கும் இதே கதைதான். பின்சீட்டை மடக்கினால்தான் சாமான் வைக்க முடியும். அதன் உடன்பிறப்பான ஸ்டாண்டர்ட் டென் பிற்பாடு நம் வண்டலூரில் தயாரானது.

*

எண்ணூரில் அசோக் லேலண்ட் மதிலைக் கடக்கும்போதெல்லாம், இது கார்க் கம்பெனியாகத் தொடங்கிய இடம் என்பது நினைவுக்கு வரும். 1948 செப்டம்பரில் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ். அசோக் அவருடைய மகனின் பெயர். இங்கிலாந்திலிருந்து பாகம் பாகமாக வந்த ஆஸ்டின் ஏ40 கார்களை 1949 முதல் இங்கே பூட்டினார்கள். லாரி பின்னால் வந்தது. லேலண்ட் பெயர் சேர்ந்தது 1955-இல்.

பாகங்களாக வரும் வண்டியில் ஒரு நிம்மதி இருக்கிறது. ஒவ்வொரு துளையையும் யாரோ எங்கோ உட்கார்ந்து யோசித்து இட்டிருக்கிறார்கள். போல்ட்டைக் கொண்டுபோய் வைத்தால் உட்காரும். பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் கிட் காரும் அதே சாதிதான். ஆனால் அதில் இல்லாத ஒன்றைச் சேர்க்கப் புறப்பட்டதும் அந்த நிம்மதி போய்விடுகிறது. டிக்கிக்கு மூடி நம் ஆசை; அது எந்த வரைபடத்திலும் இல்லை. இனி யோசிக்க வேண்டியது நாம்தான்.

*

காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் கரையிலும் பைபர் படகு வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கிட் கார் பலவற்றின் உடம்பும் அதே கண்ணாடி இழை மேட், அதே ரெசின். படகுக்காரரிடம் காரின் பின்பக்கத்தைக் காட்டினால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "உள்ளே என்ன தாங்குது?" என்பதுதான். மூடியைப் பற்றி அவர் பேசவே மாட்டார். "முதல்ல உள்ள கட்டிடுங்க, அப்புறமா வெட்டுங்க" என்பார்.

அதில் ஒரு கணக்கு இருக்கிறது. வளைந்த பைபர் உடம்பு முழுசாக இருக்கும்வரை தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறது. கட்டிங் வீல் சுற்றி முடித்ததும் வெட்டுப்பட்ட துண்டும் விரிகிறது, மிச்சமிருக்கும் உடம்பும் தளர்கிறது. ஒரு விரல் இடைவெளியில் தொடங்கும் விளிம்பு மறுமுனையில் இரண்டு விரலாகிவிடும். வெட்டிய துண்டையே மூடியாக வைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். எனக்குச் சரியென்று படுவது மெதுவான வழி. வண்டி முழுசாக இருக்கும்போதே பின்பக்கத்தின் மேல் மெழுகு தடவி மோல்டு எடுத்துவிட வேண்டும். அந்த மோல்டிலிருந்து மூடி தனியாக வார்க்கலாம். உள்ளே, திறக்கப் போகும் இடத்தைச் சுற்றி, விலா எலும்பாக ஒரு சட்டம் கட்டி காயவிட வேண்டும். அதற்குப் பிறகு, மூடியைவிடச் சற்றுச் சிறிதாக ஓட்டை போட வேண்டும். மிச்சமாகும் உதட்டின் மேல் மூடி உட்காரும்.

சித்திரை வெயிலில் ரெசின் கலக்குவதும் தனி வித்தை. நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கேட்டலிஸ்ட் போதும். நண்பகலில் அதே அளவை ஊற்றினால் டப்பாவிலேயே கட்டியாகிவிடும். விடியற்காலை வேலைதான் நல்லது. மேட்டைப் படியவைத்து குமிழியை உருட்டி வெளியேற்ற அவகாசம் கிடைக்கும்.

*

ஓட்டையின் நான்கு மூலைகள்.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா அவசர அவசரமாகக் கட்டிய லிபர்ட்டி கப்பல்கள் சில குளிர்கடலில் விரிசல் விட்டன. எஃகு குளிரில் நொறுங்கும் தன்மை அடைந்தது ஒரு காரணம். விரிசல்கள் பல தொடங்கிய இடம் சரக்கறைத் திறப்பின் சதுர மூலை. சதுர மூலையில் விசை குவிகிறது. வளைத்துவிட்டால் அது பரவிப் போகிறது. ராயபுரத்தை ஒட்டிய துறைமுகத்தில் நிற்கும் எந்தச் சரக்குக் கப்பலின் மேல்தளத்தைப் பார்த்தாலும் திறப்பின் மூலைகள் உருண்டிருக்கும். காருக்கும் அப்படித்தான். அளவுகோலை வைத்து நேர்கோடு போடுவதற்கு முன் ஒரு பெயிண்ட் டப்பாவை மூலையில் கவிழ்த்து வட்டம் வரைந்துகொள்வது புத்தி.

*

தண்ணீர் வரத்தான் செய்யும். வராமல் தடுக்க ரப்பர் பீடிங்கை மட்டும் நம்பினால், ரப்பர் காய்ந்த வருஷம் டிக்கி தொட்டியாகிவிடும். பழைய வீட்டு முற்றம் மழையை உள்ளே விழவிட்டு, தூம்பு வழியே வெளியே அனுப்பியது. இங்கும் அதே முறை: உதட்டைச் சுற்றி ஒரு வாய்க்கால், உட்பக்கம் எழும்பிய விளிம்பு, கீழ் மூலைகளில் வெளியே விடும் குழாய். கப்பல்காரர்கள் இந்த எழும்பிய விளிம்பை எவ்வளவு முக்கியமாகக் கருதினார்கள் என்றால், 1966-இன் சர்வதேச சுமைக்கோட்டு ஒப்பந்தத்தில் அதன் குறைந்தபட்ச உயரத்தையே எழுதிவைத்தார்கள்: தளத்தில் திறப்பு இருக்கும் இடத்தைப் பொறுத்து 600 அல்லது 450 மில்லிமீட்டர். நமக்கு ஓர் அங்குலம் இருந்தால் போதும். குழாயை மட்டும் அடிக்கடி ஊதிப் பார்க்க வேண்டும், எண்ணூர்ப் பக்கத்துக் காற்றில் மணலும் சாம்பலும் உண்டு.

உப்பும் உண்டு. சாதா இரும்புக் கீலுக்கு இங்கே ஆயுள் குறைவு. படகுக்குப் போடும் எஸ்.எஸ். 316 கீலையே போடலாம், காசு கூடினாலும். கீலை நேராக பைபரில் திருகக் கூடாது. பின்னால் ஒரு தகடும் அகலமான வாஷரும் வைத்தால் பாரம் பரவும். இல்லாவிட்டால் ஒருநாள் மூடியைத் தூக்கும்போது கீல் ஒரு துண்டு உடம்பையும் கையோடு கொண்டுவரும்.

*

ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. அதனால் சைலன்சர் புகை மேலே சுழன்று, சரியாக மூடாத டிக்கிக்குள் நுழைந்து, அங்கிருந்து இருக்கைப் பக்கம் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. எனவே டிக்கிக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே தடுப்பு வேண்டும். அந்தத் தடுப்பிலேயே ஸ்ப்ரைட் மாதிரி ஒரு சிறு வழி வைத்து, இறுக மூடும் மூடி போடலாம். டிக்கி மூடியின் பூட்டுக் கேபிள் அறுந்தால் கை நுழைக்க அந்த வழி உதவும்.

*

சட்டம் தனி வாசல். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கின்றன. சாலையில் ஓட்டப்போகும் வண்டியென்றால் கட்டிங் வீலைக் கையில் எடுக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் ஓடிய கையால் கட்டிய வண்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றில் ஏற்றிக்கொண்டு போக எதுவும் இருந்ததில்லை.

*

திறப்பு எவ்வளவு அகலம்? அழகு பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஸ்டெப்னியை அட்டையில் வெட்டி, சாய்த்தும் நிமிர்த்தியும் வைத்துப் பார்த்து, அது நுழையும் அளவுக்குக் கோடு போட வேண்டும். ஜாக்கியும் தண்ணீர் கேனும் அதற்குப் பின்னால் தானாகப் போய்விடும்.