ஜாக்கியும் இச்சியும்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று கேட்பவர்கள் போன்சாய் வளர்ப்பவர்களிடம் விசாரித்திருக்க மாட்டார்கள். வளையும். பொறுமையும் ஒரு ஜாக்கியும் இருந்தால் போதும். வளைக்கலாமா என்பதுதான் இரண்டு வருடமாக எனக்குள் ஓடும் கேள்வி.

அம்மா போன மறுவருடம் தேவாரத்தில் பழைய வீட்டை இடித்தோம். பின்சுவரில் வேர்விட்டிருந்த இச்சி ஒன்று கிடைத்தது. மணிக்கட்டுத் தடிமன், நேர்த்தண்டு. போன்சாயில் நிமிர்ந்த பாணியும் உண்டு, எனக்குத்தான் பிடிக்கவில்லை. மலைமேட்டில் காற்றுக்குச் சாய்ந்து நிற்கும் மரம்போல வேண்டும் என்று ஆசை. அடிபடாத மரத்துக்கு அடிபட்ட தோற்றம் தருவதில் ஒரு பொய் இருக்கிறது, அது அப்போது உறைக்கவில்லை.

மெல்லிய கிளைக்கு அலுமினியக் கம்பி சுற்றினால் போதும். தண்டு அப்படியில்லை. கல்லூரியில் படித்த கணக்குதான்: விட்டம் இரண்டு மடங்கானால், அதே அளவு வளைக்க 16 மடங்கு திருப்புவிசை வேண்டும். அதனால்தான் தண்டை நீளவாக்கில் பிளக்கிறார்கள். இரு பாதிகளும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கினால் எதிர்ப்பு ஏறத்தாழ கால்வாசியாகிவிடும். ஜப்பானின் மசாஹிகோ கிமுரா மின்கருவிகளால் உள்மரத்தைக் குடைந்தே வளைத்தவர். எனக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை.

கருவியைச் செய்தது அப்பா. ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஓட்டியவர். தெரிந்த வெல்டிங் பட்டறையில் கட்டடக் கம்பியைச் சட்டமாக அடித்து, பழைய திருகு ஜாக்கியை நடுவில் பொருத்தினார். தண்டில் ஈரச்சாக்கைச் சுற்றி, மேலே சைக்கிள் டியூபை இழுத்துக் கட்டி, வளைவின் வெளிப்புறம் ஒரு கம்பியை அணைகொடுத்தோம். அந்தப் பக்கம்தான் இழுபட்டுக் கிழியும். பட்டைக்கு அடியில் உள்ள மெல்லிய வளரடுக்கு சுற்றிலும் அறுந்துவிடாமல் இருந்தால் மரம் பிழைத்துக்கொள்ளும்.

அடுத்த வாரமே தொட்டி, சட்டம், அப்பா மூவரையும் சென்னைக்குக் கூட்டிவந்தேன். பால்கனியில் வாரம் அரைத்திருகு. "சத்தம் கேட்டா நிறுத்திருப்பா" என்பார், தண்டில் காதை வைத்துக்கொண்டு. இஞ்சின் கேட்ட காது.

மூன்றாம் மாதம் தளிர்விட்டது. "ஏத்துக்கிச்சுப்பா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மரத்துக்கு நரம்பு இல்லை. வலி என்று நான் வாதாட வரவில்லை. கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சையைப் பந்தலில் ஏற்றித்தானே வளர்க்கிறோம் என்றும் கேட்கலாம். ஆனால் கொடி தானே பற்றுக்கம்பி நீட்டிப் பிடிமானம் தேடும். என் இச்சி ஜாக்கியைத் தேடவில்லை. என்னை உறுத்தியது அந்த "ஏத்துக்கிச்சு". வெட்டிப்போட்ட முருங்கைக் கொம்புகூடத் தளிர்க்கும். உயிரோடு இருப்பது உயிர் செய்கிற வேலை. அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டது நான். அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறார், மாடியில் நடக்கிறார், போனில் சித்தப்பாவிடம் "நல்லாத்தான் இருக்கேன்" என்கிறார். இதையும் நான் தளிர்க் கணக்கில்தான் சேர்த்திருந்தேன்.

வளைத்த தண்டு எப்படி நிற்கிறது என்பதைப் பிறகுதான் சரியாகப் படித்தேன். பழைய கட்டை வளைவைக் கற்றுக்கொள்வதில்லை. வளைந்த நிலையில் புதுமரம் அதன்மேல் அடுக்கடுக்காக வளர்ந்து பூட்டிவிடுகிறது. உள்ளே இருப்பது வெகுகாலம் நிமிரத்தான் பார்க்கும். புதுமரம் போதாத நிலையில் கட்டை அவிழ்த்தால் திரும்பிவிடும்.

எனக்கு அவசரம். போன மாதம் சட்டத்தைக் கழற்றினோம். தண்டு மெல்ல அசைந்தது, நின்றது. அப்பா விரல் வைத்து அளந்தார்.

"ரெண்டு விரக்கடை திரும்பிருச்சு."

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் சென்னையில் கேட்டதே இல்லை.

"மறுபடி மாட்டவா?" என்றார்.

"வேணாம்ப்பா."

ஜாக்கியைத் துணியால் துடைத்து ஓரமாக வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "போடிக்கு 2023-ல ரயில் விட்டாங்கள்ல, வாரத்துக்கு மூணு நாளு... எந்தெந்த நாள்னு பாரு" என்றார்.